குழந்தைகளின் ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமை, தூக்கத்தில் மூச்சுத்தடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளின் பெற்றோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஆஸ்துமாவுக்கு ஒரு மருத்துவர், மூக்கடைப்புக்கு இன்னொருவர், குறட்டைக்கு யாருமே இல்லை என்ற நிலையில் பல வீடுகள் இருக்கின்றன. மூக்குத் துவாரத்தில் தொடங்கி நுரையீரலின் கடைசிக் கிளை வரை ஓடுவது ஒரே காற்றுப்பாதை. அதன் ஒரு முனையில் உள்ள கோளாறு இரவில் மறுமுனையையும் வருத்துகிறது. இங்குள்ளவை பொதுவான விளக்கங்கள். எந்த மருந்து, எந்த அளவு என்பதைக் குழந்தையை நேரில் பார்த்தவரே முடிவு செய்ய வேண்டும்.

குறட்டை விட்டால் பிள்ளை அசந்து தூங்குகிறது என்றுதானே பொருள்?

இல்லை. குறட்டை என்பது காற்று இடுக்கு வழியாகத் திணறிச் செல்லும் ஓசை. ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் அன்று. சளி பிடித்த நான்கைந்து நாள்களில் மட்டும் குறட்டை வந்து, சளியோடு போய்விட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. சளி இல்லாத நாள்களிலும் வாரத்தில் மூன்று இரவுகள் அல்லது அதற்கு மேல் கேட்டால், அதை வழக்கமான குறட்டை என்று மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஏறத்தாழ பத்துக் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. மொத்தக் குழந்தைகளில் 1 முதல் 5 சதவீதம் பேருக்கு இது குறட்டையோடு நிற்பதில்லை. உறக்கத்தில் தொண்டை பாதியாகவோ முழுதாகவோ அடைபட்டு, மூச்சு குறைந்தும் நின்று நின்றும் வருகிறது. மருத்துவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்று சொல்வது இதைத்தான். இங்கே தூக்கத்தில் மூச்சுத்தடை என்று குறிப்பிடுகிறோம்.

மூச்சு தடைபடும்போது குழந்தையிடம் என்ன தெரியும்?

இரவு இரண்டு, மூன்று மணிக்குச் சிறு விளக்கின் வெளிச்சத்தில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். வாய் திறந்திருக்கும். தலை பின்னால் சாய்ந்து கழுத்து நீண்டிருக்கும், ஏனெனில் அந்த நிலையில்தான் தொண்டை சற்று விரிகிறது. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் கழுத்துக்குழி உள்ளே ஒட்டும். வயிறு மேலே எழ, நெஞ்சு எதிராக உள்ளே அமுங்கும். பிறகு குறட்டை சட்டென்று நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் மூக்கருகே வைத்த விரலில் காற்று படாது. சில நொடிகளில் ஒரு திணறல், உடலில் ஓர் உலுக்கல், புரண்டு படுத்தல், மறுபடியும் குறட்டை. காலையில் தலையணை உறையில் தலை பட்ட இடம் வியர்வையில் ஈரமாக இருக்கும்.

பெரியவர்களுக்குப் பத்து நொடி மூச்சு நின்றால்தான் அதை ஒரு தடை என்று எண்ணுவார்கள். குழந்தைகளின் மூச்சு வேகமானது, ஆக்சிஜன் கையிருப்பும் குறைவு என்பதால், இரண்டு மூச்சு எடுக்கும் நேரம் தடைபட்டாலே அது கணக்கில் சேரும். அதனால் குழந்தையிடம் நீண்ட இடைவெளியைத் தேடிக்கொண்டிருப்பது தவறு. சின்னச் சின்ன அடைப்புகள் இரவு முழுதும் திரும்பத் திரும்ப வருவதே அதிகம்.

இது புதிதாக வந்த நோயும் அன்று. டான்சில் பெருத்த குழந்தைகள் இரவில் உரத்த ஓசையோடு, இடையிடையே நின்று நின்று மூச்சுவிடுவதையும், பகலில் மந்தமாக இருப்பதையும் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1892-இல் வெளிவந்த தம் பாடநூலிலேயே எழுதியிருக்கிறார். உறக்க ஆய்வின் மூலம் இதைக் குழந்தைகளிடம் அளந்து, எட்டுப் பேரின் விவரத்தோடு கிறிஸ்தியான் கியெமினோ குழுவினர் கட்டுரை வெளியிட்டது 1976-இல்தான்.

மூக்கு ஒவ்வாமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மூச்சுவிடும்போது காற்று சந்திக்கும் மொத்தத் தடையில் பாதிக்கு மேல் மூக்கில்தான் இருக்கிறது. இயல்பாகவே குறுகலான அந்த வாசல் ஒவ்வாமையால் உட்சவ்வு வீங்கி இன்னும் குறுகும்போது, குழந்தை அதிக விசையோடு காற்றை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. தொண்டையின் மேற்பகுதிக்கு மூச்சுக்குழாய்க்கு இருப்பதைப் போன்ற குருத்தெலும்பு வளையங்கள் இல்லை. தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில், அதிலும் கனவு வரும் கட்டத்தில், அந்தத் தசைகள் தளர்கின்றன. நுனியைப் பாதி அடைத்துக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்தால் குழல் நடுவில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தொண்டையிலும் அதுவே நடக்கிறது.

மூக்கு முழுதாக அடைத்துவிட்டால் வாய் திறக்கிறது. வாய் திறந்தால் கீழ்த்தாடை பின்னோக்கி இறங்க, நாக்கும் பின்னால் சரிந்து இருக்கும் இடத்தையும் குறைத்துவிடுகிறது. இதோடு மூக்குக்குப் பின்புறம் உள்ள அடினாய்டு என்ற சதைத் திரட்சியும், தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில்களும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டு முதல் எட்டு வயது வரை, தொண்டையின் அளவோடு ஒப்பிட இவை மிகப் பெரிதாக இருக்கும் காலம். மூச்சுத்தடை அதிகம் காணப்படுவதும் இந்த வயதில்தான். ஓயாத ஒவ்வாமை அழற்சி இவற்றை மேலும் பெருக்கச் செய்யக்கூடும்.

பகலில் ஓரளவு சரியாக இருந்த மூக்கு இரவில் அடைத்துக்கொள்வதற்கும் காரணங்கள் உண்டு. படுத்தவுடன் மூக்கின் உட்சவ்வில் இரத்தம் தேங்கி அது தடிக்கிறது. உடலின் சொந்த அழற்சித் தணிப்பானாகிய கார்டிசால் நள்ளிரவையொட்டி மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. போதாக்குறைக்குக் குழந்தை முகம் புதைத்துக் கிடப்பது தூசு உண்ணிகள் வாழும் தலையணையில்.

மூக்கு நோய்க்கும் நெஞ்சு நோய்க்கும் உறவு உண்டா?

நெருங்கிய உறவு உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து 1999-இல் கூடிய வல்லுநர்கள் 2001-இல் வெளியிட்ட அறிக்கை, இரண்டையும் ஒரே காற்றுப்பாதையின் நோயாகக் கருதிச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியது. காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி, தூசியை வடிகட்டி அனுப்புவது மூக்கின் வேலை. குழந்தை வாயால் மூச்சுவிட்டால், குளிர்ந்த, உலர்ந்த, வடிகட்டப்படாத காற்று நேராக மூச்சுக்குழாயைத் தாக்குகிறது.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சுத்தடை வரும் வாய்ப்பு அதிகமா?

ஆம். ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் குறட்டையும் மூச்சுத்தடையும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. மூச்சுத்தடை உள்ள குழந்தைகளிடம் கட்டுக்கடங்காத ஆஸ்துமாவும் அதிகம். எது எதற்குக் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. இரு திசையிலும் பாதை இருக்கிறது.

ஆஸ்துமா இயல்பிலேயே இரவில் வலுக்கும் நோய். மூச்சுக்குழாய்கள் மிகவும் சுருங்கியிருப்பது விடியற்காலை நான்கு மணியை ஒட்டிய நேரம். படுத்துறங்கும்போது நுரையீரலின் கொள்ளளவும் குறைகிறது. அது குறைந்தால் தொண்டையைக் கீழ்நோக்கி இழுத்து விறைப்பாக வைத்திருக்கும் பிடியும் தளர்கிறது. இன்னொரு பக்கம், அடைபட்ட தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும் இழுப்பு வயிற்று அமிலத்தை உணவுக்குழாய்க்கு மேலேற்றக்கூடும். அந்த அமிலம் மூச்சுக்குழாயை உறுத்துகிறது. உடல் பருமன் இரண்டு நோய்களையும் மோசமாக்குகிறது. கடுமையான இளைப்புக்காக அடிக்கடி மாத்திரையாகவோ திரவமாகவோ ஸ்டீராய்டு எடுக்க நேரும் குழந்தைகளுக்கு எடை கூடுவதும் இதில் சேர்கிறது.

இதைப் பெற்றோர் அறிந்திருப்பது ஏன் அவசியம் என்றால், ஆஸ்துமா கட்டுப்படவில்லை என்று மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போகும்போது, உண்மையில் குழந்தையை இரவில் எழுப்புவது தொண்டை அடைப்பாக இருக்கலாம். நெஞ்சில் இளைப்பே கேட்காத ஒரு குழந்தை "இரவில் மூச்சுத் திணறுகிறது" என்ற ஒரு சொல்லுக்காக அடுத்த படி மருந்துக்குப் போவது எளிதில் நடக்கக்கூடியது. அந்தப் படியை ஏறும் முன் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள்: இன்ஹேலர் போடும் முறை சரியா என்று நேரில் பார்க்கச் சொல்லுங்கள், மூக்கைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், குறட்டையைப் பற்றி நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கேட்கப்படாத கேள்விக்கு யாரும் பதில் எழுதுவதில்லை.

இரவில் கேட்பது இளைப்பா, குறட்டையா என்று எப்படிப் பிரித்தறிவது?

குறட்டை பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையிலும் மூக்கின் பின்புறத்திலும் எழும் கரகரப்பான, தடித்த ஓசை. இளைப்பு மூச்சை வெளியே விடும்போது நெஞ்சிலிருந்து வரும் மெல்லிய விசில். முதுகில் காதை வைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். குறட்டை விடும் குழந்தையை எழுப்பினால் ஓசை உடனே மறையும். இளைப்பு எழுப்பினாலும் மறையாது, பேசும்போதும் இருக்கும். விடியற்காலையில் தொடர் வறட்டு இருமலோடு எழுந்து உட்கார்ந்துகொள்வது ஆஸ்துமாவின் பக்கம் சாய்கிறது; எழுந்திருக்காமலேயே புரண்டு புரண்டு, கட்டிலின் மறுகோடியில் கிடப்பது தொண்டை அடைப்பின் பக்கம். இரண்டும் ஒரே இரவில் வருவதும் உண்டு.

கைபேசியில் இரண்டு நிமிடக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். முகம், கழுத்து, மேலாடை இல்லாத நெஞ்சு மூன்றும் தெரிய, ஓசை கேட்க எடுக்க வேண்டும். மருத்துவர் அறையில் பகலில் நன்றாக விளையாடும் குழந்தையைப் பற்றி வாயால் சொல்வதைவிட அது பயனுள்ளது.

பகலில் தெரியும் அடையாளங்கள் என்ன?

பெரியவர்கள் தூக்கம் கெட்டால் தூங்கி வழிவார்கள். குழந்தைகள் பெரும்பாலும் அதற்கு நேர்மாறாகத் துறுதுறுவென்றும், கவனம் நிற்காமலும், எரிச்சலோடும் இருப்பார்கள். பள்ளியில் "ஒரு இடத்தில் உட்காருவதில்லை" என்று புகார் வரும் குழந்தையின் இரவு மூச்சைக் கவனிக்காமல் கவனக்குறைபாடு என்று முத்திரை குத்திவிடக் கூடாது. காலைத் தலைவலி, காய்ந்த வாய், சரியாக எடை ஏறாமை, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோனபின் திரும்ப வருவது ஆகியவையும் அடையாளங்களே. படுக்கையை நனைத்ததற்காக அந்தக் குழந்தையைத் திட்டாதீர்கள். அது சோம்பலால் வருவதன்று.

மூக்கு ஒவ்வாமைக்கு அதற்கே உரிய தடயங்கள் உண்டு: கண்ணுக்குக் கீழே கருவளையம், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம், அப்படித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் மேல் விழுந்த குறுக்குக் கோடு, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல்.

என்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

மூச்சுத்தடையை உறுதியாகக் காட்டுவது ஓர் இரவு முழுதும் நடக்கும் உறக்க ஆய்வு. தலை, நெஞ்சு, மூக்கு, விரல் ஆகியவற்றில் உணரிகளை ஒட்டி மூச்சு, ஆக்சிஜன், மூளை அலை ஆகியவற்றைப் பதிவு செய்வார்கள்; வலி கிடையாது, பெற்றோர் ஒருவர் உடன் இருக்கலாம். பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து தடைகள் வரை இயல்பாகக் கருதப்படும். குழந்தைக்கு மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே இயல்பன்று. பத்துக்கு மேல் போனால் கடுமை. இந்த ஆய்வு எல்லா ஊரிலும் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் இரவு முழுதும் விரலில் ஆக்சிஜன் அளவி மாட்டிப் பதிவு செய்வதும், அடினாய்டு எக்ஸ்ரேயும், காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிசோதனையும் ஓரளவு வழிகாட்டும். ஆக்சிஜன் பதிவு இயல்பாக இருந்தால் மட்டும் மூச்சுத்தடை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்துமாவுக்கு, ஐந்தாறு வயதிலிருந்து ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்யலாம்.

மூக்கு ஸ்பிரே உதவுமா? எந்த மருந்துகளில் கவனம் தேவை?

மூக்கு ஒவ்வாமைக்கு மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள் முதன்மையான மருந்துகள். ஒரே நாளில் பலன் தேடாமல் வாரக்கணக்கில் தொடர வேண்டும். தலையைச் சற்றுக் குனிந்து, முனையை மூக்கின் நடுத்தண்டை நோக்காமல் அதே பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். தண்டின் மேல் அடித்தால் இரத்தம் கசியும். எளிய உப்புநீர் ஸ்பிரேயையும் மதிக்க வேண்டும். குறட்டை உள்ள 3 முதல் 12 வயதுக் குழந்தைகள் 276 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்துக்குப் பின் மொமெட்டசோன் பெற்றவர்களில் 44 சதவீதத்தினருக்கும், உப்புநீர் மட்டும் பெற்றவர்களில் 41 சதவீதத்தினருக்கும் தொல்லை தீர்ந்திருந்தது. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை.

மூக்கடைப்பை நொடியில் திறக்கும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகளைச் சில நாள்களுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும்.

ஆஸ்துமாவுக்கும் மூக்கு ஒவ்வாமைக்கும் நம் ஊர் மருந்துச்சீட்டுகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் மாண்டெலுகாஸ்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலருக்கு அது பயன்படுகிறது. ஆனால் கெட்ட கனவு, தூக்கக் கலக்கம், குணமாற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவை சிலருக்கு ஏற்படுவதால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. மருந்து தொடங்கியபின் குழந்தை இரவில் அலறி எழுந்தாலோ, குணம் மாறினாலோ மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரில் அறிவுறுத்தியிருக்கிறார். பிள்ளை தூங்கட்டும் என்று மயக்கம் தரும் சளி மருந்தை, குறட்டை விடும் குழந்தைக்குத் தாமாகவே கொடுப்பதை விட்டுவிட வேண்டும்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடுமா? வளர்ச்சி குன்றுமா?

இன்ஹேலருக்கு அடிமையாக்கும் தன்மை கிடையாது. நிறுத்தினால் தொல்லை திரும்புவது நோய் இருப்பதால்தான். உயரத்தைப் பற்றிய அச்சத்துக்கு நேர்மையான பதில்: குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்களை வளர்ந்தபின் அளந்த அமெரிக்க ஆய்வு, 2012-இல், சராசரி உயரம் 1.2 சென்டிமீட்டர் குறைந்திருப்பதாகக் காட்டியது. தூக்கமின்றி, பள்ளி இழந்து, மருத்துவமனையில் கழியும் ஆஸ்துமாவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய விலை என்றே கருதுகிறோம். ஸ்பேசரோடு (இன்ஹேலரின் முனையில் பொருத்தும் குழல்) போட்டு, பின் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

அறுவை சிகிச்சை எப்போது?

டான்சிலும் அடினாய்டும் பெருத்து, மூச்சுத்தடை உறுதியானால் அவற்றை அகற்றுவதே முதல் சிகிச்சை. 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஏழு மாதங்களுக்குப் பின் உறக்க ஆய்வு இயல்புக்குத் திரும்பியது அறுவை செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்கு. காத்திருந்தவர்களில் 46 சதவீதத்தினருக்கு. காத்திருந்தவர்களிலும் பாதிப் பேருக்கு அருகில் சரியானதைக் கவனியுங்கள். தடை லேசாக இருந்து, குழந்தை நன்றாக வளர்ந்தால், மூக்கு மருந்தோடு சில மாதம் பொறுத்துப் பார்ப்பது தவறில்லை.

ஆஸ்துமாவுக்கும் பலன் தெரிகிறது. டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பட்ட 13,506 ஆஸ்துமாக் குழந்தைகளின் அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரையில், அடுத்த ஓராண்டில் திடீர் ஆஸ்துமா தாக்குதல்கள் 30 சதவீதம் குறைந்திருந்தன. இது பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்பதால், ஆஸ்துமாவுக்காக மட்டும் டான்சிலை எடுக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை.

அறுவைக்கு முன் ஆஸ்துமா கட்டுக்குள் இருக்க வேண்டும். அண்மையில் இளைப்பு வந்திருந்தால் மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள், கடுமையான தடை உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் அன்றிரவு மருத்துவமனையில் தங்குவது பாதுகாப்பு. வலிக்குக் கோடீன் கொடுக்கக் கூடாது. பருமனுள்ள குழந்தைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அறுவைக்குப் பின்னும் தடை மிச்சமிருக்கலாம். இரண்டு மாதம் கழித்துக் குறட்டை தொடர்ந்தால் மறுபடி பரிசோதிக்க வேண்டும். சிலருக்கு முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் கருவி தேவைப்படும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

படுக்கையறையிலிருந்து தொடங்குங்கள். போர்வை, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசு உண்ணி சாகும். பஞ்சு மெத்தையை நல்ல வெயிலில் காய வையுங்கள், ஆனால் குழந்தை அருகில் இல்லாதபோது தட்டுங்கள். பழைய இலவம்பஞ்சுத் தலையணையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கரப்பான்பூச்சியும் வலுவான ஒவ்வாமைப் பொருள் என்பதால் இரவில் எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுடையதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. மூடிய அறையில், குழந்தையின் கால்மாட்டில், விடிய விடிய அது புகைகிறது. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணிப் புகையும், வாசலில் நின்று பிடிக்கும் சிகரெட்டும் இதே கணக்கில் சேரும்.

கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தடவ வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரக்கூடும். கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிப்பது குழந்தைகளுக்குத் தீப்புண்ணில் முடியக்கூடியது. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு ஆகியவற்றை ஆஸ்துமா என்பதற்காகவே நிறுத்த வேண்டியதில்லை. குறிப்பிட்ட உணவு ஒவ்வாமை நிரூபணமானால் அதை மட்டும் தவிர்க்கலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

உதடு அல்லது நாக்கு நீலம் பாய்ந்தால், மூச்சு வாங்குவதால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டால், விலாவுக்கு இடையே தோல் ஆழமாக உள்வாங்கினால், எழுப்பியும் விழிக்காமல் குழந்தை துவண்டு கிடந்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸ் எண்கள். சத்தமாகக் கேட்ட இளைப்பு, குழந்தை சோர்ந்து போகும்போது திடீரென்று அடங்கினால், அதைக் குணமானதாக எண்ண வேண்டாம். காற்றே போகாத நெஞ்சும் அமைதியாகத்தான் இருக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தையாக இருந்தால், வாகனம் வரும்வரை மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுத்துக்கொண்டிருங்கள். படுக்க வைக்காமல், மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.